சந்தனம் வைத்த பூதக்கண்ணாடி

அது எந்த ஆண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாதது எனக்கு இன்றும் உறுத்தல்தான். பன்னிரண்டு வயதிலிருந்து நாள் தவறாமல் தேதி போட்டு எழுதி வருகிறேன். இது அதற்கு முன்னால் நடந்தது. அப்போது நான் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆகவே முப்பதுகளின் தொடக்கம். கிழமை மட்டும் நிச்சயம்: சரஸ்வதி பூஜை திங்கள், விஜயதசமி செவ்வாய். அந்தக் காலத்துப் பஞ்சாங்கம் ஒன்று கிடைத்தால் ஆண்டைப் பிடித்துவிடலாம். கேட்டு வைத்திருக்கிறேன்.

தீவு நகரத்தில், டத்தோ கிராமாட் பகுதியில் எங்கள் பலகை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். அப்பா துறைமுகக் கிடங்கில் எழுத்தர். அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை. அப்பாவின் கடைசித் தங்கைதான் அத்தை, பதினெட்டு வயது. பிறகு அம்மா, நான்.

ஆறாவது ஆளாகப் பூதக்கண்ணாடியைச் சொல்ல வேண்டும். இன்று நுண்ணோக்கி என்று அழகாக எழுதுகிறோம். எங்கள் வீட்டில் அதற்குப் பூதக்கண்ணாடி என்றுதான் பெயர். ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது சித்தப்பா எடுத்தது. குதிரைக் குளம்பு போல ஒரு கறுப்புக் கால், அதன் மேல் பித்தளைக் குழாய், குழாயின் அடியில் சுழற்றி மாற்றிக்கொள்ள மூன்று சிறு கண்ணாடிகள். எல்லாவற்றுக்கும் கீழே வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்ப ஒரு வட்டக் கண்ணாடி. அந்த வட்டக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பாவிட்டால், மேலே கண்ணை வைத்து எத்தனை நேரம் நின்றாலும் உள்ளே வெறும் இருட்டுதான். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. சித்தப்பா யாரையும் தொட விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தரம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பார்க்கலாம். மற்றதெல்லாம் நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று திருடியது.

சோறு பிசையும்போதுதான் சித்தப்பாவுக்குப் பேச்சு வரும். ஆஸ்பத்திரியில் எத்தனை வகைக் கண்ணாடி என்பதுதான் பேச்சு. தோட்டத்து ஆட்களின் வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறதா என்று அதன் முட்டையைத் தேட, குறைந்த சக்திக் கண்ணாடி போதும். கொசுப்புழு எந்தச் சாதி என்று பிரிக்க இரண்டு கண்ணாலும் பார்க்கிற ஒன்று. அதில் புழு மேடும் பள்ளமுமாய் உருண்டையாகத் தெரியும். மலேரியாவுக்கு, ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அந்த எண்ணெயில் முங்குகிற கண்ணாடி. இன்னொன்று, பின்புறம் முழுதும் கறுப்பாக இருக்க, கிருமி மட்டும் வெள்ளிக் கம்பி போல மின்னி நெளிவது. அது எந்த வியாதிக்கு என்று கேட்டால் மட்டும் மோர் கேட்பார். புழு முட்டை வருகிறபோதே அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"அண்ணி, இதெல்லாம் அறிவு லா!" என்பார்.

"அறிவ ஆஸ்பத்திரியிலேயே வச்சிட்டு வாங்க தம்பி. இங்க கொழம்பு இருக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

கண்ணாடியோடு ஒரு மரப்பெட்டி. அதில் வரிசையாக இருபது ஸ்லைடுகள்: விரல் நீளக் கண்ணாடிச் சில்லுகள், ஒவ்வொன்றின் மூலையிலும் கீறிய ஓர் எண். மூன்றாம் எண் வெங்காயத் தோல், ஏழாம் எண் ஈயின் கால், இருபதாம் எண் வெறும் கண்ணாடி. பதினான்கை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். நீலத் தரையில் சின்னச் சின்னச் சிவப்புக் கோல்கள், யாரோ குங்குமத்தில் தோய்த்த முடியை நறுக்கிப் போட்டது போல. காசநோய்க்காரர் ஒருவரின் சளியில் எடுத்தது. பார்த்தவர்கள் கண்ணாடியை விட்டு ஓரடி பின்னால் போவார்கள். சித்தப்பாவுக்கு அதில் ஒரு திருப்தி.

அந்த வருடம் ஆவணியிலிருந்து அத்தை இருமிக்கொண்டிருந்தாள்.

அத்தைக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதுகிறவர். வயது நாற்பதை ஒட்டியது. முதல் மனைவி இறந்துவிட்டாள். ஆட்குறைப்பு நடக்கிற காலத்தில் வேலையில் நிற்கிற மாப்பிள்ளை. அத்தை அப்போது எங்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்குத் துணை ஆசிரியையாகப் போய்வந்துகொண்டிருந்தாள். தை பிறந்தால் நிரந்தரம் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். அவள் அப்பாவிடம் ஒரே ஒரு தரம் பேசியதை நான் கேட்டேன்.

"எனக்கு இது வேணாம்ணே."

"ரப்பரு இன்னிக்கு என்ன வெல தெரியுமா ஒனக்கு?" என்றார் அப்பா. அவளுக்குத் தெரியவில்லை. பேச்சு அதோடு முடிந்தது.

கல்யாணச் சீருக்கு எட்டுத் தலையணை, இரண்டு மெத்தை. இலவம்பஞ்சு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அம்மாவும் அத்தையும் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, காற்றில் பறக்காமல் பஞ்சை அடைத்தார்கள். வெளியே வரும்போது இருவருக்கும் புருவம் நரைத்திருக்கும். அம்மா குளித்துவிட்டுச் சரியாகிவிடுவாள். அத்தை இருமுவாள். முதலில் பகலில், பிறகு எந்நேரமும். அடுத்த வீட்டு இருமலைக்கூட எண்ணுகிற தெரு அது. செய்தி கடலைத் தாண்டி மாப்பிள்ளையின் அம்மா காதுக்குப் போயிற்று.

அவர்கள் சொல்லியனுப்பியது நியாயமாகத்தான் இருந்தது. விஜயதசமியன்று காலை பரிசம் போட வருகிறோம். அதற்குள் சளியைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். வெளியே எங்கும் போக வேண்டாம், உங்கள் தம்பி பார்த்துச் சொன்னால் எங்களுக்குப் போதும். சித்தப்பா பொய் சொல்லமாட்டார் என்பது அக்கரை வரை தெரிந்திருந்தது. கடைக்காரர் தவறிப் போட்ட வெங்காயத்தைத் திருப்பிக் கொடுக்க மழையில் பாசார் வரைக்கும் நடந்தவர் அவர்.

திங்கட்கிழமை காலை அத்தையின் சளியை ஒரு சிறு புட்டியில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தில் ஆள் இல்லாதபோது அதை ஸ்லைடில் தேய்த்து, சூடு காட்டி, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தில் கழுவி, நீலம் ஏற்றிக் காயவைத்தார். அங்கேயே பார்க்க நேரமில்லை. பதிவில்லாத ஸ்லைடை அங்கே வைத்துப் பார்த்தால் கேள்வி வரும். எண் போடாத அந்தச் சில்லை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து, அரை நாள் விடுப்பெடுத்துக்கொண்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தார்.

வந்து பார்த்தால் பூதக்கண்ணாடி சரஸ்வதிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

என் பாடப் புத்தகங்கள், அப்பாவின் பேனா, அத்தையின் பள்ளி நோட்டுகள், எல்லாவற்றுக்கும் நடுவில் அது. பித்தளையை அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தாள். தங்கம் போல இருந்தது. காலில் மூன்று, குழாயில் ஒன்று, உச்சியில் கண்ணை வைக்கிற இடத்தில் நட்ட நடுவில் ஒன்று எனச் சந்தனப் பொட்டும், அதன் மேல் குங்குமமும். பதினோரு மணிக்கே பூஜை முடிந்துவிட்டது. வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது.

"அண்ணி, அர மணி நேரம் போதும்."

"இன்னிக்கு ஒரு நாள் அம்பாள் படிக்கட்டும் தம்பி. காலையில ஆறு மணிக்குக் குடுத்துர்றேன்."

"அவங்க பத்து மணிக்கு வந்துருவாங்க."

"நாலு மணி நேரம் இருக்குல்ல? அந்தத் தீப்பெட்டியையும் சாமிகிட்ட வைங்க. நல்லது நடக்கட்டும்."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா பேனாவே தொடக்கூடாத நாளில் எதையும் தீர்மானிக்கிறவர் இல்லை. தீப்பெட்டி பூதக்கண்ணாடியின் காலடிக்குப் போயிற்று. சித்தப்பா வாசலுக்குப் போனார், உள்ளே வந்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி வாசலுக்குப் போனார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங் பக்கம் ஒரு நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். குடையை விரிக்காமலே மழையில் நடந்து போனதை நான் பார்த்தேன்.

அந்தப் பிற்பகல் போல நீண்ட பிற்பகல் எனக்கு வாய்த்ததில்லை. படிக்கக்கூடாது என்ற விடுமுறை காலையில் இனித்தது. நான்கு மணிக்குள் உடம்பெல்லாம் ஊறல் எடுத்தது போலாகிவிட்டது. தகரக் கூரையில் மழை. பாயசம் சாப்பிட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் தூங்கினார்கள். பின்கட்டில் அத்தையின் இருமல், கொஞ்சம் நிற்கும், நின்றுவிட்டதா என்று நினைக்கும்போது மறுபடி வரும். பதில் தீப்பெட்டிக்குள் இருக்கிறது, எனக்குத் தேடத் தெரியும், ஐந்து நிமிட வேலை. நான் பார்த்துவிட்டு ஓடிப்போய், ஒன்றுமில்லை அத்தை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஸ்லைடை வைத்தேன். வட்டக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினேன். கண்ணை வைத்தால் இருட்டு. மறுபடி திருப்பினேன்; இருட்டு. குழாய் இன்னும் இறங்க வேண்டும் போலிருக்கிறது என்று பெரிய திருகைத் திருகினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். உச்சியில் அம்மா வைத்த பொட்டு கண்ணாடியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது, கீழே 'டிக்' என்று சத்தம் கேட்டு நான் நிமிர்ந்து, இமையில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்லைடு மூன்றாக உடைந்திருந்தது. நடுவில் சாயம் பூசிய இடம் மாவாகப் போயிருந்தது.

"என்னடி பண்ணுன?"

அத்தை வாசற்படியில் நின்றாள். அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னோடதா?"

"அப்பா என்னக் கொன்னுருவாரு அத்தை."

"ஷ்! கத்தாத. ஒங்கம்மா எந்திரிச்சிருவா." முந்தானையை வாயில் வைத்து இருமலை அடக்கினாள். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்தாள். பிறகு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். எழுந்து போய்விடுவாளோ, அப்பாவை எழுப்பிவிடுவாளோ என்று நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"அந்தப் பெட்டியில செவப்புக் கோலு இருக்கறது எந்த நம்பரு?"

"பதினாலு. ஆனா அது நோயுள்ளது அத்தை. மூணு வைக்கலாம், வெங்காயத் தோலு."

"வெங்காயத்த வச்சா சாம்பாருதான் வைக்கலாம். ஒஞ் சித்தப்பாவுக்கு வெங்காயம் தெரியாதா?"

"அப்ப இருபது. அது சும்மாக் கண்ணாடி. ஒண்ணுமே இருக்காது."

"பதினால எடு."

"அத்தை, அதுலதான்…"

"தெரியும்டி. எடு."

எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் தீப்பெட்டிக்குள் வைத்தாள். குழாயைப் பழைய உயரத்துக்கு ஏற்றச் சொன்னாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைக் குழைத்து, உச்சிக் கண்ணாடியில் அழிந்திருந்த இடத்தில் அம்மா வைத்தது போலவே வட்டமாக ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் தொட்டாள். பிறகு என் இமையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மறுபூஜை முடிந்து கண்ணாடி சித்தப்பாவின் கைக்கு வந்தது. பஞ்சில் சாராயம் தொட்டு உச்சிக் கண்ணாடியைத் துடைக்கவே அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

"சாமிக்குக் கண்ணு தொறப்பாங்க அண்ணி. நீங்க மூடிட்டீங்களே!"

அம்மா சிரித்தாள். குழாயடிக் கண்ணாடி ஒன்றில் கீறல் விழுந்திருந்ததையும் சித்தப்பா பார்த்தார். தீப்பெட்டியைத் திறந்தார். ஸ்லைடை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். பிறகு மரப்பெட்டியைத் திறந்து, வரிசையில் விரலை ஓட்டி, பதினான்காவது இடத்தில் நிறுத்தி, மெதுவாக மூடினார். ஸ்லைடு தீப்பெட்டிக்கே திரும்பிப் போயிற்று. "அவங்க வரட்டும். அவங்க முன்னாலயே பாத்துர்றேன்" என்றார்.

நான் வெளியே ஓடிப்போய்க் கிணற்றடியில் நின்றேன்.

அவர்கள் ரயிலில் பிறைத் துறைமுகம் வரை வந்து, அங்கிருந்து படகேறி, ரிக்‌ஷாவில் பத்தரைக்கு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, ஒரு பெரியப்பா. மாப்பிள்ளையைப் பற்றிக் குறையாக எழுத எனக்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்த நேரம் முழுவதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த வீட்டில் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. தாம்பாளத்தில் பட்டுப்புடவை இருந்தது. அதன் மேல் பெரியப்பா கையை வைத்திருந்தார்.

"இருமலு இன்னும் நிக்கலியா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"பஞ்சுத் தூசிங்க" என்றாள் அம்மா.

"தூசின்னா நல்லதுதான். தம்பி பாத்துச் சொல்லட்டும்."

சித்தப்பா கூடத்து மூலையில் மேசை போட்டு, ஸ்லைடை வைத்து, குனிந்தார். அத்தை காப்பித் தட்டோடு உள்வாசலில் நின்றாள். ஒரு தரம் இருமல் வந்து தட்டு ஆடியது. சுவரில் இருந்த கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முள் இருபத்தைந்து நிமிடம் நகர்ந்தது. நடுவில் ஒரு முறை சித்தப்பா தலையைத் தூக்கினார். உள்வாசலைப் பார்த்தார். அத்தை தலையைக் குனியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் அது செய்யத் தகாத காரியம். அவர் மறுபடி குனிந்தார்.

"இந்த ஸ்லைடுல இருக்கு" என்றார் கடைசியில்.

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைத் தொடவில்லை. "ஒடம்பப் பாத்துக்கம்மா" என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார்; அதில் பொய் இல்லை. பட்டுப்புடவை வந்த தாம்பாளத்திலேயே திரும்பிப் போயிற்று.

அத்தைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பின்கட்டில் தனிப் பாய். என்னை அங்கே போகவிடவில்லை. தலையணை வேலை அன்றோடு நின்றது. மூன்றாவது வாரம் இருமலும் நின்றது. சித்தப்பா புதிதாக மூன்று தரம் சளி எடுத்துப் பார்த்து, இப்போது இல்லை என்றார். ஆஸ்பத்திரி டாக்டரின் சீட்டும் வந்தது. தையில் அத்தை பள்ளிக்குப் போனாள். கிராணிக்கும் அதே தையில் வேறிடத்தில் கல்யாணம் முடிந்தது. நோயிருந்த பெண் என்ற பேச்சு தெருவை விட்டுப் போகவில்லை. வேறு வரன் எதுவும் வரவும் இல்லை. அத்தை கடைசி வரை ஆசிரியையாக இருந்தாள். சீர்த் தலையணைகளில் நாங்கள் பல வருடம் தூங்கினோம்.

நான் மட்டும் சரியாகத் தூங்கவில்லை. என்னை அடியிலிருந்து காப்பாற்றுவதற்காக அத்தை நோயைத் தன் தலையில் எடுத்துக்கொண்டாள், அதில் அவள் வாழ்வே போயிற்று என்பது என் முடிவு. அதற்குப் பரிகாரமாக அவள் துணியைத் துவைத்தேன், அவள் நோட்டுகளைச் சுமந்தேன், அவள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. என் கல்யாணத்தன்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில், "என்னடி, மாப்பிள்ள பிடிக்கலியா? இப்பச் சொல்லு, எதாச்சும் பண்ணலாம்" என்று காதோடு கேட்டாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

சித்தப்பா இறந்த பிறகு பூதக்கண்ணாடியும் பெட்டியும் அவருடைய குறிப்பேடுகளும் என்னிடம் வந்தன. தேதி போட்டு எழுதுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் இருக்கலாம். அவர் எனக்கும் மேல். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நாள், எண், கண்டது என்று மூன்று கட்டங்கள். அந்த நோட்டில் கரையான் ஆண்டைத் தின்றிருந்தது; நாளை விட்டு வைத்திருந்தது. விஜயதசமி. எண் 14. கண்டது என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை. அவர் நிரப்பாமல் விட்ட கட்டம் அந்த நோட்டுகளில் அது ஒன்றே. அதற்குக் கீழே அடுத்தடுத்த வாரங்களில் அத்தையின் பெயர், மூன்று தரம். மூன்றுக்கு நேராகவும் இல்லை, இல்லை, இல்லை.

அதைப் படித்தபோதுதான் வேறொன்று என் நினைவுக்கு வந்தது. அன்று கூடத்தில் சித்தப்பா குனிந்திருந்த அந்த இருபத்தைந்து நிமிடமும் நான் இருப்புக்கொள்ளாமல் தவித்தேன். அத்தைக்காக மட்டும் இல்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது: கீழேயிருந்த வட்டக் கண்ணாடி ஜன்னல் பக்கம் இல்லை, சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இவ்வளவு தெரிந்த மனிதர் இதைப் போய் மறந்துவிட்டாரே, உள்ளே வெறும் இருட்டாக இருக்குமே, திருப்பி வைக்கலாமா, சொன்னால் திட்டுவாரா என்று கை வரை வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.